போன வருஷம் இதே மாசம்

"பிசினஸ் இன்டெலிஜென்ஸ்" என்று என் வேலையின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் இன்னமும் என்னை உளவுத்துறை ஆள் மாதிரிதான் பார்க்கிறார்கள். ஊரில் பெரியப்பா ஒருத்தர், "ரா-வுலயாப்பா இருக்க?" என்று காதோரமாக வந்து கேட்டார். இல்ல பெரியப்பா, கடைங்களோட விற்பனையைக் கூட்டிக் கழிச்சுப் படம் போட்டுக் காட்டுற வேலைன்னு சொன்னதும் அவர் முகத்தில் இருந்த மரியாதை அப்படியே இறங்கிப் போச்சு. ஹி ஹி.

பெயர் வைத்தது நான் இல்லை மக்களே. 1958-லேயே ஐபிஎம்-மில் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் யோசித்தது கட்டுரைகளையும் அறிக்கைகளையும் மெஷினே படித்து, நிறுவனத்தில் யாருக்கு எது தேவையோ அவருக்கு அதை அனுப்பி வைக்கும் ஏற்பாடு. சரியான ஆளுக்குச் சரியான தகவல். கேட்க எவ்வளவு அழகா இருக்கு! நடைமுறையில் இது எங்கே வந்து நிற்கிறது என்றால், மாதம் பிறந்தால் முதலாளியின் திரையில் ஒரு பச்சை அம்பு அல்லது ஒரு சிவப்பு அம்பு. அம்பு சிவப்பா இருந்தா யாரோ ஒருத்தருக்கு அன்னைக்கு நேரம் சரியில்லை.

இந்த ஆணி பிடுங்குகிற வேலையில் பெரும்பகுதி துடைப்பம் பிடிக்கிற வேலைதான். தூத்துக்குடி என்று ஒரு பில்லில் இருக்கும், டூட்டிகொரின் என்று இன்னொன்றில் இருக்கும், மெஷினுக்கு ரெண்டும் வேற வேற ஊர். வாடிக்கையாளர் பெயரில் இனிஷியல் ஒருதரம் முன்னாடி, ஒருதரம் பின்னாடி. 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் பில் போடுகிற பெண் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருப்பார். (அவர் மேல் என்ன தப்பு? நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே.)

தேதி என்று வந்துவிட்டால் கூத்து இன்னும் ஜாஸ்தி. குழந்தைகள் உடுப்பில் 10-12 என்று ஒரு சைஸ் உண்டு, பத்து முதல் பன்னிரண்டு வயதுக்கு. அதை எக்செல்லில் தட்டிப் பாருங்கள், டிசம்பர் 10 ஆகிவிடும். கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்கில் இருந்தால் அக்டோபர் 12. இதைச் சாதாரணமா நினைக்காதீங்க, மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் விஞ்ஞானிகளே இதனிடம் தோற்றுப் போனவர்கள்தான். மார்ச்-1, செப்ட்-1 என்றெல்லாம் பெயர் வைத்திருந்த ஜீன்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால் ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள். 2020-இல் அது செய்தியாகவும் வந்தது. இன்னொன்று, எக்செல்லைப் பொறுத்தவரை 1900-ஆம் வருடம் பிப்ரவரி 29 என்று ஒரு நாள் உண்டு. உண்மையில் அப்படி ஒரு நாள் கிடையாது. அந்தக் காலத்து லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த தவறை, கணக்கு ஒத்துப் போகட்டும் என்று தெரிந்தே அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் எப்படியும் கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் பார்த்தாலே தப்பு என்று தெரியும். இன்னொரு வகை இருக்கிறது. எல்லா எண்ணும் சரியா இருக்கும், கூட்டலும் சரியா இருக்கும், ஃபார்முலாவிலும் குறை சொல்ல முடியாது. ஆனா பதில் மட்டும் அநியாயமா இருக்கும். நான் சொல்ல வந்தது அந்த மாதிரி ஒன்றைத்தான்.

எங்களிடம் ரிப்போர்ட் வேலையைக் கொடுத்திருக்கும் ஒரு ஜவுளி நிறுவனம். பெயர் வேண்டாம், சோறு போடுகிறவர்கள். தலைமை அலுவலகம் கொங்குப் பக்கம், கடைகள் பல ஊர்களில். எனக்கு முன்னால் வேறு யாரோ கட்டிக் கொடுத்த டாஷ்போர்டு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதில் எல்லோரும் பார்ப்பது ஒரே ஒரு கட்டம்: 'போன வருஷம் இதே மாசம்'. ஒவ்வொரு கடைக்கும் இந்த மாத விற்பனை, போன வருடம் இதே மாத விற்பனை, பக்கத்தில் அம்பு. பவர் பிஐ-யில் இதற்கென்றே 'சேம் பீரியட் லாஸ்ட் இயர்' என்று ஒரு ரெடிமேட் ஃபார்முலா இருக்கிறது. ஒரே வரி. எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

அந்த ஒரு வரிக்குள்ள ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது, இந்த ஏப்ரலும் போன ஏப்ரலும் ஒண்ணுதான் என்று.

ஜவுளிக்காரர்களுக்கு அது உண்மை இல்லை என்று தெரியும், தீபாவளி விஷயத்தில் மட்டும். 2022-இல் தீபாவளி அக்டோபர் 24. 2023-இல் நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. துணி எடுக்கும் கூட்டம் அதற்கு முந்தைய மூன்று வாரம். 2023-இல் அந்தக் கூட்டத்தில் பாதி நவம்பரில் வந்தது, 2024-இல் மொத்தமும் அக்டோபரிலேயே முடிந்துபோனது. ஆகவே 2024 நவம்பருக்கு எல்லாக் கடைக்கும் சிவப்பு அம்பு. முதலாளி அதைப் பார்த்துப் பதறவில்லை. "ரெண்டு மாசத்தையும் சேத்துப் பாருப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த மனுஷன், அவருக்கு எந்த டாஷ்போர்டும் வேண்டாம். அவருக்கு அது தெரிந்ததற்குக் காரணம், அது அவர் வீட்டுப் பண்டிகை.

இனி 2025 ஏப்ரலுக்கு வருவோம். மே மாதம் முதல் வாரம், மாதாந்திர ரிப்போர்ட். எல்லாக் கடையும் சுமார். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில் இருக்கும் ஒரு கடை மட்டும் பலமா விழுந்திருந்தது. போன ஏப்ரலோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை. பெரிய சிவப்பு அம்பு. கூட்டம் கூடுவதற்கு முன்பே, அந்தக் கடை மேனேஜரைக் குடோனுக்கு மாற்றிவிட்டுச் சின்ன வயசு ஆள் ஒருத்தரைப் போடலாம் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. "பெரியவருக்கு இப்பல்லாம் முடியல போல, கடைய ஒழுங்கா கவனிக்கிறதில்ல" என்று இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் சொன்னார். அம்பு சொல்லிவிட்டதே!

என் வேலை இதில் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு அடுத்த கம்பெனி வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனா அந்தக் கடையோட தினசரி பில்லைத் திறந்தப்ப ஒரு விஷயம் உறுத்தியது. ராத்திரி பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கெல்லாம் பில் போட்டிருக்கிறார்கள். மற்ற கடைகளில் அந்த நேரத்துக்கு ஷட்டர் இழுத்திருப்பார்கள். 2025-இல் இந்த நடு ராத்திரி பில்கள் மார்ச் கடைசியில் இருந்தன, 2024-இலோ ஏப்ரல் முதல் பத்து நாளில். பில் மெஷினில் கடிகாரம் தப்பாக ஓடுகிறதா, இல்லை உண்மையிலேயே அந்த நேரத்தில் ஆள் வந்ததா என்று கேட்க நேராகக் கடைக்கே போன் போட்டேன்.

"மணி கரெக்டுதான் தம்பி" என்றார் மேனேஜர். "தராவீஹ் தொழுகை முடிஞ்சப்புறம்தான் குடும்பத்தோட துணி எடுக்க வருவாங்க. கடைசிப் பத்து நோன்புக்கு நாங்க ஒரு மணி, ஒன்றரை மணி வரைக்கும் தொறந்து வச்சிருப்போம். பொம்பளைப் புள்ளைங்களை வேன் வச்சு வீட்ல விட்டுட்டுத்தான் நான் போவேன்."

"சார், அப்ப ஏப்ரல் சேல்ஸ் கொறஞ்சது..."

"போன வருஷம் பெருநாள் ஏப்ரல் பதினொண்ணு. இந்த வருஷம் மார்ச் முப்பத்தொண்ணு. ஏப்ரல்ல என்ன தம்பி சேல்ஸ் இருக்கும்?" கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கேட்டார்: "ஏன், கம்ப்யூட்டருக்கு அது தெரியாதா?"

என்னத்த சொல்ல. தெரியாது. அதற்கு யாரும் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமா அந்த ஊரில் கடை நடத்துகிற மனுஷன், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே என்று பேசாம இருந்திருக்கிறார். குடோன் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. மகள் ப்ளஸ் டூ போகிற வருஷம், இப்ப ஊரை மாத்தினா எப்படின்னு மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்டதும் என்னிடம் இல்லை என்று நினைக்கிறேன்.

சந்திர வருடத்துக்கு 354 நாள், சில வருடம் 355. நம்ம பஞ்சாங்கத்தில் இந்தக் குறைச்சலைச் சரிகட்ட அவ்வப்போது ஒரு அதிக மாதத்தைச் சேர்த்துவிடுவார்கள். அதனால் தீபாவளி அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையிலேயே ஊஞ்சல் ஆடும், ஐப்பசியைத் தாண்டாது. இஸ்லாமிய நாட்காட்டியில் அந்தச் சேர்ப்பு கிடையாது. ரம்ஜான் வருடத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும், சுமார் முப்பத்து மூன்று வருடத்தில் எல்லா மாதத்தையும் ஒரு சுற்று சுற்றிவிடும். 2023-இல் பெருநாள் ஏப்ரல் 22, அதனால் 2024 ஏப்ரலில் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. 2025-இல்தான் அந்தக் கடைசிப் பத்து நாள் முழுசா மார்ச்சுக்குள் வந்து விழுந்தது.

தேதியை ஓரமாக வைத்துவிட்டு, 'பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள்' என்று ஒரு கணக்கு எடுத்தேன். முப்பது நாள் முன்பு, இருபத்தொன்பது நாள் முன்பு, இப்படியே பெருநாள் வரை. ரெண்டு வருடத்தின் விற்பனையையும் அதன்மேல் வரைந்தால் ரெண்டு மலைகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தன. இந்த வருஷத்து மலை போன வருஷத்தைவிடக் கொஞ்சம் உயரம். அதாவது சிவப்பு அம்பு வாங்கிய அந்தக் கடை உண்மையில் வளர்ந்திருந்தது.

இத்தோடு கதை முடிஞ்சுதுன்னு நினைச்சா, இல்லை. கணக்கு ஒருத்தருக்கு மட்டும் நல்லது செய்துவிட்டு ஓரமாகப் போய் நிற்காதே.

முதல் பிரச்னை விளம்பரப் பிரிவு. மார்ச் ரிப்போர்ட்டில் இதே கடைக்கு பிரமாதமான பச்சை அம்பு வந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் எஃப்எம்-இல் ஒரு விளம்பரம் போட்டிருந்தார்கள். பச்சைக்குக் காரணம் விளம்பரம்தான் என்று போன கூட்டத்திலேயே கைதட்டல் வாங்கியாச்சு. இப்போது ஏப்ரல் விழுந்ததற்குக் காரணம் பெருநாள் என்றால், மார்ச் எழுந்ததற்கும் காரணம் பெருநாள்தான். அந்தப் பிரிவுத் தலைவர் என்னிடம் போட்ட சண்டையை மேனேஜரை மாற்றச் சொன்னவர்கூடப் போடவில்லை. "டேட்டாவை ஒங்க இஷ்டத்துக்கு வளைக்கிறீங்க" என்றார். மார்ச் படத்தை எடுத்து, விளம்பரம் ஒலித்த மற்ற ஊர்க் கடைகளின் எண்ணை மட்டும் காட்டினேன். அங்கே எந்த மலையும் இல்லை. இன்றுவரை எனக்கு அவர் குட் மார்னிங் சொல்வதில்லை.

இரண்டாவதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. நம்ம நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2024 ஏப்ரல் 11-க்கான பெருநாள் வியாபாரம் 2024-25 கணக்கில் விழுகிறது. 2025 மார்ச் 31-க்கான வியாபாரமும் அதே 2024-25 கணக்கில்தான். ஆக அந்தக் கடைக்கு அந்த ஒரு நிதியாண்டில் ரெண்டு ரம்ஜான்! அந்த வருடம் நன்றாகச் செய்த கடை என்று அவர்களுக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பங்கு பிறை கொடுத்தது. அதைவிட மோசம், 2025-26-க்கான டார்கெட்டை அந்த ரெண்டு ரம்ஜான் வருடத்தின் மேல் இத்தனை சதவீதம் கூட்டி நிர்ணயித்துவிட்டார்கள். அடுத்த வருடத்தில் ஒரே ரம்ஜான்தான். என்ன தலைகீழாக நின்றாலும் எட்ட முடியாத எண். மேனேஜரைக் காப்பாற்ற எடுத்த அதே அளவுகோல் அவர் கேடயத்தையும் குறைத்துக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை அமுக்கிவிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் விளம்பரக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். ரெண்டையும் ஒரே பக்கத்தில் போட்டு அனுப்பினேன். அனுப்பும் முன் அவரிடமும் சொன்னேன். "கேடயம் என்ன தம்பி, அலமாரி மேல கெடக்கு. டார்கெட்டை மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

டார்கெட்டைக் குறைத்தார்கள். மாற்றல் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று நின்றது. ரத்து என்று யாரும் வாயால் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள தலைவலி என்று நினைக்க வேண்டாம். சந்திர நாட்காட்டிப்படி வரும் சீனப் புத்தாண்டு ஜனவரியிலும் வரும், பிப்ரவரியிலும் வரும். அதனால் அந்த நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் சில்லறை விற்பனை, தொழில் உற்பத்திக் கணக்குகளை ஜனவரி, பிப்ரவரி ரெண்டையும் சேர்த்தே வெளியிடுகிறது. நம்ம முதலாளி சொன்ன அதே வழி. அமெரிக்காக்காரன் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பண்டிகையையே நகர்த்திப் பார்த்தான். 1939-இல் நவம்பர் மாதத்தில் ஐந்து வியாழக்கிழமைகள். வழக்கப்படி கடைசி வியாழனில் தேங்க்ஸ்கிவிங் வந்தால் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் குறைகிறது என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் தள்ளி வைத்தார். பாதி மாநிலங்கள் ஏற்கவில்லை, சில மாநிலங்களில் ரெண்டு நாளும் கொண்டாடினார்கள். கடைசியில் 1941-இல் நான்காவது வியாழன்தான் என்று சட்டமே போட்டார்கள். நமக்கு அந்த வசதி எல்லாம் கிடையாது. பிறையிடம் யார் போய் மனு கொடுப்பது?

இதற்கான மருந்து பழைய மருந்துதான். ரால்ஃப் கிம்பால் 1996-இல் எழுதிய 'டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' புத்தகத்திலிருந்து இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது, நாளுக்கு ஒரு வரி வீதம் தேதிகளுக்கென்று தனி அட்டவணை வை, அந்த நாளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அதில் எழுது என்பது. நம்ம ஆட்கள் அதில் வருடம், மாதம், கிழமை, காலாண்டு போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அதில் தமிழ் மாதம், தீபாவளிக்கு எத்தனை நாள், பெருநாளுக்கு எத்தனை நாள், ஆடி உண்டா இல்லையா, முகூர்த்த நாளா, பள்ளி திறக்க எத்தனை நாள் என்று சேர்த்திருக்கிறேன். முகூர்த்தத்துக்குத் தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினேன். ("ஆபீஸ் வேலைக்கு எதுக்கு என் காலண்டரைக் கிழிக்கிறீங்க?" - இது தங்கமணி.) அட்சய திருதியையும் உண்டு. அது 2024-இல் மே 10, 2025-இல் ஏப்ரல் 30. நகைக்கடைக்கு ரிப்போர்ட் போடும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும், அதுவும் மாதம் தாண்டியிருக்கிறது.

இப்போது மெஷினிடம் பேச்சு வழக்கிலேயே "ஏப்ரல்ல ஏன் கொறஞ்சுது?" என்று கேட்டால் பதில் சொல்கிற காலம் வந்துவிட்டது. நானும் பயன்படுத்துகிறேன், சட்டென்று நாலு காரணம் சொல்கிறது. அட்டவணையில் பெருநாள் இல்லாத பழைய டேட்டாவைக் கொடுத்து ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன். ஊழியர் செயல்திறனை ஆய்வு செய்யலாம் என்று பணிவாக ஆலோசனை சொன்னது. அவ்வ்வ்!

அட்டவணையில் இன்னும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. தீபாவளியை வருடங்களுக்கு முன்பே ஏற்றிவிடலாம். பெருநாளை அப்படி உறுதியாக ஏற்ற முடியாது, பிறை தெரிய வேண்டும். அந்தக் கட்டத்தில் தேதியைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது என்று மென்பொருள் அடம்பிடித்ததால் பக்கத்தில் 'உத்தேசம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். 2025 பக்ரீத்தை அப்படித்தான் வைத்திருந்தேன். மே 28 ராத்திரி அந்த மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "பிறை பாத்தாச்சு தம்பி, ஜூன் 7." உத்தேசத்தை எடுத்துவிட்டேன்.

2035 வரை ஏற்றி வைத்திருக்கிறேன். அதில் 2030-இல் நோன்பு ரெண்டு தடவை ஆரம்பிக்கிறது, ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று. அந்த வருடத்து 'இதே மாசம்' கட்டத்தில் என்ன காட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன். வர்ற ஆளுக்கு நீங்க முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிருங்க தம்பி."